பாதத்தைத் தொடும் விரல்

நின்றபடி ஒரு பெண் சாக்லேட் ஆற்றுகிறாள். அவள் உயர்த்திப் பிடித்த குவளையின் விளிம்பிலிருந்து பானம் மெல்லிய தாரையாக இறங்குகிறது. அதை ஏந்தக் கீழே இன்னொரு பாத்திரம். இப்படி மாறி மாறி உயரத்திலிருந்து ஊற்றினால்தான் நுரை கட்டும். சாக்லேட்டை நுரைக்க வைக்கும் காட்சிகளுள் இன்று நமக்குத் தெரிந்தவற்றில் இதுவே மிகப் பழையது. கி.பி. 670க்கும் 750க்கும் இடையில், இன்றைய குவாத்தமாலாவின் வடக்கே, பெட்டேன் காட்டுக்குள் இருக்கும் நக்பே வட்டாரத்தில், ஒரு மாயா ஓவியர் இதை மண்குவளை ஒன்றின் புறத்தில் தீட்டினார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகத்தில் இருப்பதால் இதற்குப் பிரின்ஸ்டன் குவளை என்று பெயர்.

அவள் கையில் இருப்பது நேராக எழும் உருளைக் குவளை. அவள் வரையப்பட்டிருப்பதும் அதே வடிவக் குவளையின் மேல்தான். குடிக்கக் கையில் எடுத்தவர், தான் பிடித்திருக்கும் பொருளைப் படத்துக்குள்ளும் காண்கிறார். உள்ளே இருக்கும் நுரை எப்படி எழுந்தது என்பதை வெளிச்சுவர் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒரு பாத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான அலங்காரம் உண்டா என்று யோசித்துப் பார்க்கிறேன், எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பானத்தை இன்றைய இனிப்புப் பாலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ககாவ் கொட்டையைப் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்து, கல்லில் அரைத்து, தண்ணீரில் கரைத்த கசப்புப் பானம் அது. மக்காச்சோள மாவு சேர்ப்பதுண்டு. மிளகாய், வனிலா, மணமுள்ள பூக்கள் சேர்ப்பதுண்டு. செந்நிறம் வேண்டுமானால் அச்சியோத்தே விதை. நுரைதான் அதில் மதிப்பு மிக்க பகுதி. 16-ஆம் நூற்றாண்டின் தூதெலா ஏட்டிலும் ஓர் ஆஸ்டெக் பெண் இதே போல நின்று உயரத்திலிருந்து ஊற்றுகிறாள். நடுவே எட்டு நூற்றாண்டு கடந்திருக்கிறது, நாடும் மொழியும் வேறு, கைப்பாங்கு மாறவில்லை.

குவளையின் உயரம் 21.5 சென்டிமீட்டர், விட்டம் 16.6. சுவரின் தடிமனைக் கழித்துக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய நான்கு லிட்டர் கொள்ளும். ஒற்றைக் கையில் எடுக்க முடியாது. இரு உள்ளங்கையாலும் அணைத்துத் தூக்க வேண்டும். பிடித்த கைகளை மாற்றி மாற்றித்தான் சுற்ற வேண்டும். இந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டு படத்துக்குள் போனால்தான் ஓவியரின் சாமர்த்தியம் பிடிபடும்.

படத்தின் தலைவர் ஒரு கிழவர். பல் போன வாய், சரிந்த தோள். மாயா தெய்வங்களுக்கு எழுத்துகளால் பெயரிட்ட ஜெர்மானிய ஆய்வாளர் பால் ஷெல்ஹாஸ் இவருக்குக் கொடுத்த எழுத்து எல். அதுவே நிலைத்துவிட்டது. பாதாள உலகத்தின் அதிபதி, வணிகர்களின் தெய்வம். மெக்சிகோவின் கக்காஷ்ட்லா சுவரோவியத்தில் இவர் தம் வணிக மூட்டையோடு நிற்கிறார். அருகே காய்த்த ககாவ் மரம். தொலைநாட்டுச் சரக்குகளுக்கெல்லாம் அதிபதியான இவர் சாக்லேட் குவளையில் வீற்றிருப்பது இயல்புதான். இறகுகள் விரிந்த ஆந்தைத் தொப்பி அணிந்து, அரண்மனை மேடைமேல் அமர்ந்திருக்கிறார். சுற்றிலும் ஐந்து இளம் பெண்கள். எதிரே இருப்பவளின் மணிக்கட்டில் இவர் தம் கையாலேயே ஓர் அணியைக் கட்டிவிடுகிறார். உலகையே கைக்குள் வைத்திருக்கும் ஒருவர் அந்தச் சிறு முடிச்சில் முழுதாக ஆழ்ந்து கிடக்கிறார். கிழவரின் முதுகு வளைந்த விதத்தில் அந்த ஆழ்தல் தெரிகிறது.

ஓவியர் இங்கேயே நின்றிருந்தால் இது ஓர் அழகான அந்தப்புரக் காட்சி. நிற்கவில்லை. இடப்பக்கமாகக் குவளையைத் திருப்பினால் கோடரி தூக்கிய இருவர் வருகிறார்கள். விரிவான முகமூடிகள் அணிந்தவர்கள். அவர்களுக்கு நடுவே உடை களைந்து கட்டுண்ட ஓர் உருவம். அதன் தலையை வெட்டுகிறார்கள். வெட்டுப்படும் உடலின் தொப்புளிலிருந்து ஒரு பாம்பு வளைந்து வெளிவந்து, வெட்டுபவர்களில் ஒருவனைக் கடிக்கிறது.

சாக்லேட்டும் நகையும் ஒரு புறம், கோடரியும் பாம்பும் மறுபுறம். இரண்டையும் ஒரே குவளையில் வைக்க எந்த ஓவியராலும் முடியும். இரண்டுக்கும் நடுவே ஒரு தையல் போட வேண்டுமே, அங்கேதான் இந்த ஓவியர் யார் என்பது தெரிகிறது. வெட்டு நடக்கும் பக்கத்துக்கு அருகில் இருக்கும் பெண், தன் தோழியின் பாதத்தை விரலால் தொடுகிறாள். அவ்வளவுதான். “அங்கே பார்” என்பது அந்தத் தொடுகையின் பொருள். அவள் கத்தவில்லை, எழுந்து ஓடவில்லை, கை நீட்டிச் சுட்டவும் இல்லை. கிழவருக்குத் தெரியாமல், அவருடைய கவனம் கலையாமல், ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சேதி சொல்லும் முறை அது. அரண்மனையில் வாழ்ந்து பழகியவர்களுக்கு வாய்க்கும் நாசூக்கு.

இந்தத் தொடுகையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. அது தோழிக்குச் சொல்லும் சேதி மட்டுமில்லை, குவளையைப் பிடித்திருப்பவருக்கும் சொல்லும் சேதி. அழகிய பெண்களையும் நுரை பொங்கும் பானத்தையும் பார்த்துக்கொண்டே வருகிற கண், அந்த விரலில் வந்து இடறுகிறது. எதற்காகத் தொடுகிறாள்? குவளையைத் திருப்பினால்தான் விடை கிடைக்கும். திருப்புகிறோம்; கோடரி தெரிகிறது. பார்ப்பவரின் கையை இயக்கும் பொறியாக ஒரு விரலை வைத்த இந்த ஓவியருக்கு ஈடாக உலகச் சித்திரக்காரர்களில் வெகு சிலரையே சொல்வேன்.

காட்சியின் பொருள் பற்றி ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு விளக்கம் இதை இன்னும் கூர்மையாக்குகிறது. கிச்சே மாயா மக்களின் போபோல் வூ என்ற தொன்மநூலில் இரட்டைச் சகோதரர்கள் பாதாளத்துக்குப் போய், வித்தைக்காரர்களாக வேடமிட்டு, ஒருவன் மற்றவனை வெட்டி உயிர்ப்பித்துக் காட்டுகிறார்கள். அந்த வித்தையில் மயங்கிய பாதாள அரசர்கள் தங்களையும் அப்படியே வெட்டச் சொல்கிறார்கள். வெட்டுகிறார்கள், உயிர்ப்பிக்கவில்லை. நூல் எழுதப்பட்டது 16-ஆம் நூற்றாண்டில். குவளை அதற்கு எண்ணூறு ஆண்டு மூத்தது. எனவே கதை இதே உருவில் அன்றும் வழங்கியது என்று அடித்துச் சொல்வதற்கில்லை. ஆனால் முகமூடிக்காரர்கள் அந்தச் சகோதரர்கள்தாம் என்று வைத்துக்கொண்டு பாருங்கள். கிழவர் நகை கட்டிக்கொண்டிருக்கும் அந்த நொடியிலேயே அவருடைய முடிவு தொடங்கிவிட்டது. அதை அறிந்தவள், பாதத்தைத் தொடும் அந்தப் பெண் ஒருத்தியே.

மேடைக்குக் கீழே ஒரு முயல் உட்கார்ந்திருக்கிறது. எழுத்தர் முயல். கையில் தூரிகை, முன்னால் மடிப்பு ஏடு, ஏட்டுக்குச் சிறுத்தைத் தோல் அட்டை. மேலே நடப்பதையெல்லாம் எழுதிக்கொள்ளும் தோரணை. எல்லோருக்கும் கீழே, எவர் கண்ணிலும் படாமல், தன் வேலையே குறியாக இருக்கும் அந்த உருவத்தில் ஓவியர் தம் தொழிலையே வைத்துவிட்டார். மாயா வழக்கில் எழுதுவதும் தீட்டுவதும் ஒரே தூரிகையின் வேலை. முயலின் உள்நோக்கத்தை அறிய இன்னொரு குவளை உதவும். அதில் ஒரு முயல் இதே கிழவரின் ஆடையையும் தொப்பியையும் பறித்துக்கொண்டு நிற்கிறது. கிழவர் அம்மணமாக எதிரே. அதே குவளையின் மறுபுறம் அவர் சூரிய தேவனிடம் முறையிடுகிறார். முயல் அந்தத் தேவனின் பின்னாலேயே ஒளிந்திருக்கிறது. அக்கதை தெரிந்த மாயா விருந்தாளி, மேடைக்கடியில் பணிவாக எழுதும் முயலைக் கண்டதும் புன்னகைத்திருப்பார்.

அந்தச் சிறுத்தைத் தோல் ஏட்டைச் சற்று நேரம் பார்க்க வேண்டும். மாயா ஏடுகளில் இன்று எஞ்சியவை நான்கே: திரெஸ்டன், மாட்ரிட், பாரிஸ் ஆகிய நகரங்களில் உள்ளவை, மெக்சிகோவில் உள்ளது ஒன்று. நான்கும் இந்தக் குவளைக்குச் சில நூற்றாண்டு பிந்தியவை. குவளை தீட்டப்பட்ட காலத்து ஏடு ஒன்றுகூடப் படிக்கும் நிலையில் கிடைக்கவில்லை. கல்லறைகளில் கிடைத்தவை மட்கி ஒட்டிப்போன கட்டிகள். ஆகவே அன்றைய புத்தகம் பார்வைக்கு எப்படி இருந்தது என்பதற்கு முயலின் முன் விரிந்திருக்கும் அந்தச் சிறு படம் ஒரு சாட்சி.

எழுத்தின் சாயல் கோடுகளிலும் உண்டு. வெளுத்த பாலாடை நிறப் பரப்பின்மேல் கருப்பும் பழுப்பும் கலந்த கோடு, விளிம்பில் செம்பட்டை. இந்தப் பாணிக்கு ஏட்டுப் பாணி என்றே பெயர். நக்பே அகழாய்வில் இப்பாணி ஓடுகள் கிடைத்தன. மண்ணின் வேதியியலும் பொருந்தியது. அதனால்தான் தனியாக வந்து சேர்ந்த இந்தக் குவளைக்கும் அந்த வட்டாரத்தைப் பிறப்பிடமாகச் சொல்ல முடிகிறது. கோடு ஒரே தடிமனில் ஓடுவதில்லை. தோளில் அழுந்தித் தடிக்கிறது. முழங்கையைக் கடந்ததும் மெலிகிறது. விரல் நுனிக்கு வரும்போது மூச்சு விடும் அளவுக்கே இருக்கிறது. பெண்களின் ஆடைகள் வேறு வேறு நெசவு வேலைப்பாட்டோடு வழிந்து இறங்குகின்றன. கிழவருக்கு வளைந்த கோடு, பெண்களுக்கு நீண்ட கோடு, வெட்டுபவர்களுக்கு உடைந்து முறுக்கேறிய கோடு. ஒரே தூரிகை, மூன்று நடை.

மாயா குயவர்களிடம் சக்கரம் இல்லை. மண் திரிகளை அடுக்கி, கையால் இழைத்து, தேய்த்து இந்த நேர்த்தியான உருளையை எழுப்பினார்கள். மேற்பூச்சும் வண்ணமும் தாதுக்கள் கலந்த களிக்குழம்புதான். கண்ணாடி மெருகு கிடையாது. தேய்த்துத் தேய்த்து வந்த பளபளப்பு அது. உலர்ந்த களிமண் தூரிகையின் ஈரத்தை உடனே உறிஞ்சிக்கொள்ளும். தயங்கி நின்றால் தயங்கிய இடம் தெரிந்துவிடும். இந்தக் குவளையில் அப்படி ஓர் இடத்தை நான் காணவில்லை. சூளைக்குப் பிறகு பூசிய சுண்ணப் பூச்சின் எச்சங்களும் ஆங்காங்கே ஒட்டியிருக்கின்றன. அன்று குவளை இன்னும் வண்ணமயமாக இருந்திருக்கும்.

உருளையில் தீட்டுபவருக்கு ஒரு சங்கடம் உண்டு. படம் முழுவதையும் அவரால் ஒருசேரப் பார்க்க முடியாது. கிழவரைத் தீட்டும்போது கோடரிக்காரர்கள் மறைந்திருப்பார்கள். முழு அமைப்பும் மனத்தில்தான் இருக்க வேண்டும். நியூயார்க் ஒளிப்படக் கலைஞர் ஜஸ்டின் கெர், 1970களில், சுழலும் மேடையில் குவளையை வைத்து, அதன் சுற்றோடு இசைந்து பிலிம் நகரும் காமிரா ஒன்றை அமைத்தார். உருளை முழுவதும் ஒரே நீள் படமாக விரிந்தது. மாயா எழுத்தும் ஓவியமும் இன்று படிக்கப்படும் அளவுக்குப் படிக்கப்படுவதில் அந்தப் படங்களின் பங்கு மிகப் பெரிது. நன்றியோடுதான் சொல்கிறேன்: ஆனால் விரித்த படம் ஒன்றை மறைத்துவிடுகிறது. அதில் கோடரிக்காரர்கள் இடக்கோடியில், சாக்லேட் ஆற்றும் பெண் வலக்கோடியில். இடையில் நீண்ட தூரம். குவளையிலோ இரண்டு கோடிகளும் வளைந்து வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஆற்றுபவளும் வெட்டுபவர்களும் அடுத்தடுத்து நிற்கிறார்கள். ஒரு பக்கம் தாரையாக இறங்கும் பானம், அடுத்த பக்கம் தலை இழக்கும் உடல். சாக்லேட்டைச் செந்நிறமாக்கிக் குருதியோடு இணைத்துக் கண்ட பண்பாட்டில் அந்த அண்மை தற்செயலாக இருக்காது என்பது என் எண்ணம்.

விளிம்பை ஒட்டி ஒரு வரிசை எழுத்து ஓடுகிறது. இத்தகைய விளிம்பு எழுத்துகள் குவளைக்குக் குவளை ஏறக்குறைய ஒரே வரிசையில் திரும்ப வருவதை முதலில் கண்டவர் மைக்கேல் கோ. 1971-இல் நியூயார்க்கில் அவர் நடத்திய கண்காட்சிக்காக 1973-இல் வெளிவந்த நூலில் இதை எடுத்துச் சொன்னார். இறந்தவருக்கான மந்திரமாக இருக்கலாம் என்பது அவருடைய ஊகம். பின்னால் வந்தவர்கள் எழுத்தெழுத்தாகப் படித்தபோது வேறு செய்தி வந்தது: இது தீட்டப்பட்டது, இது இன்னாருடைய குடிகலம், இன்ன வகை ககாவுக்காக. அதாவது பாத்திரம் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்கிறது. சிலருக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கும். எனக்கு இதுவே மந்திரத்தைவிட மேல். பெயரும் பயனும் சொல்லிக்கொண்டு வரும் பொருளில் ஓர் உயிர் இருக்கிறது.

ககாவ் என்ற எழுத்துக்கோவையைப் படித்தவர் டேவிட் ஸ்டூவர்ட். அவர் படித்தது வேறொரு பாத்திரத்தில்: குவாத்தமாலாவின் ரியோ அசூலில், 1984-இல், 5-ஆம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்றில் கிடைத்த மூடி போட்ட பானை. அது ஓர் அற்புதம். மேலே வளைந்த கைப்பிடி. மூடியைத் திருகிப் பூட்டலாம், கைப்பிடியைப் பிடித்தே தூக்கலாம். சுண்ணப் பூச்சின்மேல் பெரிய பெரிய எழுத்துகள். அந்த எழுத்துகளில் ஒரு மீன் தலை, அதற்கு முன் மீன் துடுப்பு போன்ற ஒரு சீப்பு வடிவம். மீனுக்கு ‘க’ என்ற ஒலி, துடுப்புக்கும் ‘க’, கடைசியில் ‘வ’. மீனை வைத்து சாக்லேட்டை எழுதியிருக்கிறார்கள். உள்ளே ஒட்டியிருந்த படிவை ஹெர்ஷி நிறுவனத்தின் ஆய்வகம் சோதித்தது. தியோபுரோமினும் காஃபீனும் இருந்தன. அந்த நிலப்பகுதியில் இவ்விரண்டும் சேர்ந்திருந்தால் அது ககாவ்தான். வெளியே எழுதியிருந்ததை உள்ளே இருந்தது மெய்ப்பித்தது. இப்படிப்பட்ட நிறைவு தொல்லியலில் அபூர்வம்.

பிரின்ஸ்டன் குவளையின் எழுத்து அதன் உரிமையாளர் பெயரையும் சொல்கிறது: முவான் குக் என்ற பிரபு. தீட்டியவர் பெயரைச் சொல்லவில்லை. மாயா ஓவியர்களில் சிலர் கையொப்பமிட்டிருக்கிறார்கள். நரான்ஹோ என்ற மாயா நகரின் அரசகுலத்தில் பிறந்த ஆஹ் மஷாம் தம் பெயரையும் பெற்றோர் பெயரையும் குவளையில் எழுதிவைத்தவர். நம் ஓவியர் அப்படிச் செய்யவில்லை. முயலை மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

இதில் ஒரு வருத்தம் உண்டு, மறைப்பதற்கில்லை. இந்தக் குவளை முறையான அகழாய்வில் கிடைத்ததன்று. எந்தக் கல்லறை, யாருடைய உடலருகே, வேறு எந்தப் பொருள்களோடு என்பதெல்லாம் போய்விட்டது. உலக அருங்காட்சியகங்களில் இருக்கும் மாயா குவளைகளில் பெரும்பகுதிக்கு இதே கதி. கொள்ளையர் தோண்டிச் சந்தைக்கு வந்தவை. போனது எவ்வளவு என்பதை பெலீஸின் புவெனாவிஸ்தா தெல் காயோவில் கிடைத்த குவளையைக் கொண்டு அளக்கலாம். அது அகழாய்வில், ஓர் இளைஞனின் கல்லறையில் கிடைத்தது. அதன் எழுத்தில் இருப்பது நரான்ஹோவின் அரசர் காக் திலிவ் சான் சாக்கின் பெயர். அரசரின் சாக்லேட் குவளை வேற்றூர் இளைஞனோடு புதைந்திருக்கிறது. பரிசாகப் போயிருக்க வேண்டும். விருந்து, நட்பு, அரசியல் எல்லாம் அந்த ஒரு தகவலில் அடங்குகின்றன. முவான் குக்கின் குவளை யார் கையால் யார் கைக்குப் போனது என்று சொல்லும் மண்ணைத்தான் கொள்ளையர் கலைத்தார்கள்.

சாக்லேட் குவளை என்றால் உருவங்கள் நிறைந்திருக்க வேண்டும் என்றில்லை. வடக்கே, அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், சாகோ பள்ளத்தாக்கின் புவெப்லோ போனிட்டோவில், ஒரே அறையில் நூற்றுக்கு மேற்பட்ட உயரமான உருளைச் சாடிகள் இருந்தன. வெள்ளைப் பரப்பில் கருங்கோடுகள், முக்கோணங்கள், நெருக்கிய சாய்வரிகள். மனித உருவமே இல்லை. 2009-இல் பட்ரீசியா கிரவுனும் ஜெஃப்ரி ஹர்ஸ்டும் அங்கிருந்த ஓடுகளில் ககாவின் தடயத்தைக் கண்டார்கள். ககாவ் விளையும் மண்ணோ ஆயிரத்துக்கு மேற்பட்ட கிலோமீட்டர் தெற்கே. அச்சாடிகளில் சிலவற்றுக்கு மறுபடி வெள்ளை பூசி, புதிதாகக் கோலம் தீட்டி, மறுபடி சுட்டிருக்கிறார்கள். பழைய கோடு புதுப் பூச்சுக்கடியில் நிழலாகத் தெரிகிறது. அவற்றின் அமைதி வேறு வகை, அதுவும் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் ஒன்றைத்தான் கையில் எடுக்கலாம் என்றால் முவான் குக்கின் குவளையையே எடுப்பேன்.

கெர் எடுத்த விரிபடத்தின் எண் 511. தேடினால் எளிதில் கிடைக்கும். பார்க்கும்போது தெய்வத்திடமிருந்து தொடங்காதீர்கள். ஆற்றும் பெண்ணிடமிருந்து தொடங்கி, இடப்பக்கமாக மெல்ல நகருங்கள். முடிந்தால் படத்தைத் தாளில் அச்சிட்டு, இரு ஓரங்களையும் ஒட்டி உருளையாக்கிக் கையில் பிடித்துத் திருப்புங்கள். பாதத்தைத் தொடும் அந்த விரலை நீங்களே கண்டுபிடியுங்கள்.